யாஹிருக்கு ஒரு புது போன்

காணாமல் போனவனுக்குப் போன் கம்பெனி வாழ்த்து அனுப்பியிருந்தது.

"வாழ்த்துகள், யாஹிர்! உங்கள் புது போன் உங்களுக்கு மகிழ்ச்சி தரட்டும்."

தோன்யா எர்லிந்தா தன் போனை எங்கள் ஆபீஸ் மேஜைமேல் வைத்து, எழுத்து எங்களுக்கு நேராகத் தெரியும்படி இரண்டு கையாலும் திருப்பி வைத்தார். அறுபது வயதுப் பெண்மணி. காலை பத்து மணிக்கே எங்கள் ஊர் தொர்ரெயோனில் புழுதிக் காற்று கிளம்பிவிட்டதால் அவர் தலைமுடியெல்லாம் மண். ஆனால் கையிலிருந்த பைக்குள் ஒரு ஆண்பிள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி என் பையன் சரக்கு லாரியை எடுத்துக்கிட்டு சால்தில்லோ ரோட்டுல போனான். லாரி கிடைச்சுது. அவன் கிடைக்கல."

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. போலீஸ், பத்திரிகை, அரசாங்க ஆபீஸ் என்று ஆயிரம் இடத்தில் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம் அது.

"அவன் நம்பருக்கு மாசாமாசம் மூணாம் தேதி நான் பணம் கட்டிடறேன். ஒரு நாள் தள்ளினதில்ல. நம்பர் போயிடுச்சுன்னா அவன் எதுல கூப்பிடுவான்? இப்ப பாரு, கடைக்குப் போய்ப் புது போன் வாங்கியிருக்கான். எந்தக் கடைன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடு மகளே. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

'மகளே' என்றது எங்கள் முதலாளியம்மா எவுலாலியா சமார்ரிபாவை. நான் 'ஜெஃபா' என்று கூப்பிடுவேன். 'துப்பறியும் நிபுணர்' என்று கதவில் அவர் பெயர் இருக்கும். நாற்பத்தெட்டு வயது. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, அழுதும் பார்த்ததில்லை. இந்தத் தொழிலுக்கு வருமுன் அதே போன் கம்பெனியின் பின்னறையில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவர். நான் வென்செஸ்லாவோ. கதவில் என் பெயர் கிடையாது. வண்டி ஓட்டுவது, காப்பி வாங்கி வருவது, ஜெஃபா சிரிக்கமாட்டார் என்று தெரிந்தே ஜோக் அடிப்பது, இவைதான் என் வேலை.

"செய்தி உங்க போனுக்கு ஏன் வந்துச்சு?" என்று ஜெஃபா கேட்டார்.

"ஒப்பந்தம் போடறப்ப, அவசரத்துக்குன்னு என் நம்பரையும் குடுத்திருந்தான்."

"வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"ருத்திலியோவா?" அந்தம்மா ஜன்னலைப் பார்த்தார். "அவர் பேசறதில்ல. டயர் கடை உண்டு, அவர் உண்டு. இதைக் காட்டினேன். படிச்சுட்டுக் கை கழுவப் போயிட்டார்."

எழுந்து போகும்போது சட்டையை எங்கள் மேஜையிலேயே வைத்துவிட்டார். நாங்கள் அவனைப் பார்த்தால் கொடுக்க வேண்டுமாம். போட்டிருப்பது அழுக்காக இருக்குமாம். பீன்ஸ் அடுப்பில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கிப் போனார்.

எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் இந்தக் கதை அவ்வளவு கேட்டாகிவிட்டது.

காரில் ஏறியதும் நான் ஆரம்பித்தேன்.

"கேஸ் முடிஞ்சுது ஜெஃபா. கடையில எவனோ ஆட்டையைப் போட்டிருக்கான். கேட்க நாதியில்லாத நம்பர், ஒழுங்காப் பணம் கட்டற அம்மா. சலுகை விலையில போனை எடுத்து வெளியில வித்திருப்பான். வாங்க, சாப்பிடப் போகலாம்."

"நாதியில்லாத நம்பருக்குச் சலுகை கிடைக்காது."

"ஏன்?"

"யாருக்குச் சலுகைன்னு கடைக்காரன் முடிவு பண்றதில்ல. மாசத்துக்கு ஒரு தடவை மெஷின் பட்டியல் போடும். ஒண்ணு, ஒப்பந்தக் காலம் முடிஞ்சிருக்கணும். ரெண்டு, ஒரு நாள்கூடத் தாமதமில்லாமக் கட்டியிருக்கணும்."

"அதான் எனக்கு ஒன்பது வருஷமாக் கிடைக்கல. மூணு?"

"பேச்சு குறைஞ்சிருக்கணும். குறைஞ்சா, இவன் வேற கம்பெனிக்குத் தாவப்போறான்னு அர்த்தம். பிடிச்சு வைக்கத்தான் சலுகை. நல்லவங்களுக்கு இல்ல, ஓடிப்போறவங்களுக்குத்தான்."

"கல்யாணத்துலயும் அப்படித்தான் ஜெஃபா. நாலாவதா என்ன, ஞானஸ்நானச் சான்றிதழா?"

"நாலாவது, நம்பர் மூச்சு விடணும். கடைசித் தொண்ணூறு நாள்ல அந்த சிம்முல இருந்து ஒரு காலாவது போயிருக்கணும். செத்த நம்பர் எங்க ஓடிப்போகும்? அதுக்கு எதுக்குத் தள்ளுபடி?"

"இது மட்டும் எப்படி இவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?"

"நாலாவது விதியை எழுதினது நான்."

சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

"அப்ப யாரோ அந்த சிம்மைப் போட்டுப் பேசியிருக்காங்க."

"ஆமா."

"யாஹிரா?"

ஜெஃபா வெளியே புழுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு பச்சைக்கு மாறியது.

பழைய நண்பர் ஒருவரிடம் ஜெஃபா ஒரு கால் போட்டதில் எந்தக் கிளை என்று தெரிந்துவிட்டது. ஊரின் பெரிய வணிக வளாகத்தில், ஐஸ்கிரீம் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில். விற்பனைப் பெண்ணின் சட்டையில் 'பிரிசா' என்று எழுதியிருந்தது. விரிசல் விட்ட என் போனைப் பார்த்ததுமே அவளுக்கு என் ஜாதகம் தெரிந்துவிட்டது.

"கண்ணாடி உடைஞ்சிருக்கே. சலுகை இருக்கான்னு பாக்கட்டுமா?" கணினியைத் தட்டினாள். உதட்டைக் கடித்தாள். "ஐயோ... நீங்க ரெண்டு வருஷம் கழிச்சு வாங்களேன்."

"போன தடவை ஒண்ணரை வருஷம்னாங்க."

"நடுவுல ஒரு தடவை லேட்டாக் கட்டியிருக்கீங்க."

"எங்க மாமியார் செத்த அன்னிக்கு."

"அனுதாபங்கள்."

"பரவாயில்ல. அன்னிக்குத்தான் நான் சந்தோஷமா இருந்தேன்."

ஜெஃபா என்னை முழங்கையால் ஒதுக்கிவிட்டு யாஹிரின் நம்பர் எழுதிய சீட்டை நீட்டினார். பிரிசா அதைப் படித்ததும் சிரிப்பை நிறுத்தினாள். வாடிக்கையாளர் தகவலைக் காட்டக்கூடாது என்றாள்.

"இவன் காணாமப்போனவங்க பட்டியல்ல இருக்கான். இந்தக் கோப்பை நீ எனக்குக் காட்டலாம், இல்லேன்னா நாளைக்கு அரசு வக்கீலுக்குக் காட்டலாம். உன் இஷ்டம்."

பிரிசாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அவர் நேர்ல வரலை சென்யோரா. அதிகாரக் கடிதம் வந்துச்சு. எல்லாம் முறைப்படிதான் பண்ணினேன்."

பேப்பர் கடையில் தாள் தாளாக விற்கும் அச்சடித்த படிவம் அது. எனக்குப் பதில் இன்னார் போகலாம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சி வாங்கினால் எங்கள் நாட்டில் பாதி வேலை நடந்துவிடும். ஜெஃபா அதை வாங்கிப் படித்தார். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

அதிகாரம் கொடுப்பவர்: யாஹிர். கையெழுத்து அவனுடையது, கோப்பிலிருந்த ஒப்பந்தத்தில் உள்ளதன் அச்சு அசல். சாட்சிகள்: ஒரு ரொட்டிக்காரம்மா, ஒரு கார் கழுவுகிறவர். அந்த நேரத்தில் பக்கத்தில் யார் நின்றார்களோ அவர்கள்தான் எப்போதும் சாட்சி. தேதி, போன செவ்வாய்க்கிழமை.

அதிகாரம் பெறுபவர்: ருத்திலியோ. தந்தை.

"அப்பா!" என்று கத்திவிட்டேன். செருப்புக் கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "ஜெஃபா, போன செவ்வாய்க்கிழமை பையன் கையெழுத்துப் போட்டிருக்கான்! அவன் எங்க இருக்கான்னு அப்பனுக்குத் தெரியும். உயிரோட இருக்கான்!"

பல வருஷமாக மரத்துப்போயிருந்த ஏதோ ஒன்று எனக்குள் அசைந்தது. உடனே தோன்யா எர்லிந்தாவைக் கூப்பிடப் போனை எடுத்தேன். ஜெஃபா அதை என் கையிலிருந்து வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். கடிதத்தின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்தார்.

"அந்தப் பெரியவர் வேற ஏதாவது சொன்னாரா?" என்று பிரிசாவைக் கேட்டார்.

"போன் வேண்டாம்னார். நம்பர் மட்டும் இருந்தாப் போதும்னார். போன் எடுக்காமப் புதுத் திட்டத்துல பதிவு பண்ண முடியாதுன்னு சொன்னேன். அப்புறம் பெட்டியைத் தூக்கிட்டுப் போனார். திறந்துகூடப் பாக்கலை."

காருக்குள் நான் ஸ்டியரிங்கில் தாளம் போட்டேன். ஜெஃபா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிதத்தின் பின்பக்கம், மூலையில் ஒரு விலைச் சீட்டு.

"லா எஸ்குவாத்ரா பேப்பர் கடை. அது எங்க இருக்கு?"

"இருக்கா? அங்க இப்ப கோழி சுடறாங்க ஜெஃபா! வாரம் ரெண்டு தடவை போறேனே. கோழி கட்டையாக் காய்ஞ்சிருக்கும், ஆனா மொளகாச் சட்னி இருக்கே..."

"எவ்வளவு நாளா சுடறாங்க?"

"நாலு வருஷமிருக்கும். எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் திறந்..."

வாயை மூடிக்கொண்டேன்.

"பழைய படிவம் வீட்டுல கிடந்திருக்கலாம். போன வாரம் கையெழுத்துப் போட்டிருக்கலாம்ல?" என் குரல் எனக்கே கெஞ்சுவது போலக் கேட்டது.

ஜெஃபா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கடிதம் நாலாக மடிக்கப்பட்டிருந்தது. ஒரு மடிப்பு யாஹிரின் கையெழுத்து நடுவே ஓடியது. அந்த இடத்தில் மை தேய்ந்து, உதிர்ந்து, பேப்பரின் வெள்ளை தெரிந்தது. தேதியும் அதே மடிப்பின்மேல்தான் இருந்தது. ஆனால் அதன் மை மடிப்பைத் தாண்டி முழுசாக, புத்தம்புதுசாகப் போயிருந்தது.

"கையெழுத்துப் போட்டப்புறம் பல வருஷம் மடிச்சு வச்சிருக்காங்க. தேதி எழுதினதுதான் போன வாரம்."

நான் வண்டியைக் கிளப்பினேன். அதற்குப் பிறகு நான் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

தோன் ருத்திலியோவின் டயர் கடை ரயில் பாதை ஓரம். எங்களைப் பார்த்தும் அவர் நிமிரவில்லை. காற்றடித்த டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் அலமாரியில், வால்வு டப்பாக்களுக்கு நடுவே, பிரிக்காத புது போன் பெட்டி. அதன் பக்கத்தில் பொத்தான் வைத்த பழைய போன் ஒன்று, அணைந்து கிடந்தது.

"அவ அனுப்பினாளா?" என்று கேட்டார்.

"அவங்களுக்கு நீங்கன்னு தெரியாது," என்றார் ஜெஃபா.

பெரியவர் டியூப்பைத் திருப்பி மறுபடி முக்கினார்.

"வெளியூர் போறதுக்கு முன்னாடி அஞ்சு கடிதத்துல வெறுமனே கையெழுத்துப் போட்டு வச்சுட்டுப் போவான். லாரி பேப்பர் வேலைக்கு நான் அலையணுமில்ல. ஒண்ணு அதுக்குப் போச்சு. ஒண்ணு சிம்முக்கு. ஒண்ணு இதுக்கு." கை விரலைத் துடைத்தார். "இன்னும் ரெண்டு இருக்கு."

"சிம் எதுக்கு தோன் ருத்திலியோ?" என்று நான் கேட்டேன்.

"அவ தினமும் அவனைக் கூப்பிடுவா தம்பி. போன் அணைஞ்சிருக்கா, நேரா வாய்ஸ்மெயிலுக்குப் போயிடும். அவன் குரல் வரும். கேட்டுட்டு இவ பேசுவா. முதல் மாசமே ஒரு நாள் பெட்டி நிரம்பிடுச்சு, இனிமே பேச முடியாதுன்னு மெஷின் சொல்லிடுச்சு. அவ சமையலறைத் தரையில உக்காந்தா பாருங்க, அன்னிக்குப் பூரா எழுந்திருக்கவே இல்ல. மறுநாள் நான் போய், அவன் கடிதத்தைக் காட்டி, அதே நம்பருக்கு இன்னொரு சிம் வாங்கினேன். பெட்டியைக் காலி பண்ணினேன்."

"அப்புறம்?"

"சனிக்கிழமை மத்தியானம் கடை சாத்தறதுக்கு முன்னாடி இந்தப் பழைய போன்ல போட்டுக் காலி பண்ணுவேன். ஏழு அமுக்கினா அழியும். ஒன்பது அமுக்கினா சேரும். எப்பவும் ஏழுதான். சேர்த்தா நிரம்பிடும்ல."

மூன்று வருஷம், ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கால். நாலாவது விதி கேட்ட மூச்சு இதுதான். நான் ஜெஃபாவைப் பார்த்தேன். அவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம் சிம்முக்குச் செய்தி வந்துச்சு," என்றார் பெரியவர். "பழைய திட்டம் முடியுதாம். முப்பதாம் தேதிக்குள்ள புதுப்பிக்கலேன்னா வாய்ஸ்மெயிலை எடுத்துடுவாங்களாம். நீங்க தகுதி பெத்துட்டீங்க, வாழ்த்துகள்னு போட்டிருந்துச்சு. என்ன தகுதியோ. அவன் குரல் போயிடுமேன்னு ஓடினேன். அவ போனுக்கு வாழ்த்து போகும்னு எனக்கென்ன தெரியும்?"

"அவங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னாப் பேசறதை நிறுத்திடுவா. எங்கிட்டதான் பேசறதில்ல. அவன்கிட்டயாவது பேசட்டுமே."

"செய்தியெல்லாம் நீங்க கேட்டீங்களா?" என்று ஜெஃபா மெதுவாகக் கேட்டார்.

"முழுசாக் கேட்டாத்தான் அழிக்கவே விடும் அந்த மெஷின்." குமிழி வந்த இடத்தில் பெரியவர் சாக்பீஸால் வட்டம் போட்டார். "முட்டி வலி, பக்கத்து வீட்டு நாய், என்ன சமைச்சா, எல்லாம் சொல்லுவா. ஒரு தடவை சொன்னா, 'உங்கப்பா கல்லு மாதிரி ஆயிட்டாரு மகனே, ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை'ன்னு. அதையும் கேட்டுட்டு ஏழு அமுக்கினேன்."

அவர்கள் வீட்டுச் சமையலறையில் மூன்று தட்டு வைத்திருந்தது. பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. ஜெஃபா இஸ்திரி போட்ட சட்டையை மேஜைமேல் வைத்தார். அதை வைத்ததுமே தோன்யா எர்லிந்தா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

ஜெஃபா சுற்றி வளைக்கவில்லை. "போனை யாஹிர் வாங்கல. உங்க வீட்டுக்காரர் வாங்கினார். யாஹிரைப் பத்தி எந்தத் தகவலும் இல்ல." பிறகு டயர் கடையில் கேட்டதை ஒன்றுவிடாமல் சொன்னார்.

அந்தம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அடுப்பைச் சிறிதாக்கினார்.

"முப்பது," என்றார்.

"என்ன?"

"அந்த வாய்ஸ்மெயில் பெட்டியில முப்பது செய்திதான் கொள்ளும். நான் தினமும் பேசறேன். மூணு வருஷமா நிரம்பவே இல்ல. யாரோ கேக்கறாங்கன்னு எனக்குத் தெரியும் மகளே. அவன்தான்னு நெனச்சேன். போலீசுக்குக்கூடச் சொல்லல. சொன்னா நின்னுடுமோன்னு பயம்."

அதுதான் அந்தம்மா எங்களிடம் சொல்லாத விஷயம். கம்பெனியின் வாழ்த்து அல்ல, நிரம்பாத பெட்டிதான் அவரை மூன்று வருஷம் நடமாட வைத்திருக்கிறது. இன்று நாங்கள் அதைப் பிடுங்கிவிட்டோம். எனக்கு அந்த அறையில் நிற்கவே பிடிக்கவில்லை.

"கல்லுன்னு சொன்னேனே," என்றார் திடீரென்று. "அதைக் கேட்டிருக்க மாட்டார் இல்ல?"

"கேட்டார்," என்றார் ஜெஃபா.

அந்தம்மா வெகுநேரம் சட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு தன் போனை எடுத்து, பார்க்காமலே நம்பரை அழுத்தினார். ஒலிபெருக்கியில் ஒரு இளைஞனின் குரல், பின்னணியில் லாரி இரைச்சலோடு வந்தது.

"யாஹிர் பேசறேன். வண்டி ஓட்டிட்டிருக்கேன். சொல்லிட்டு வைங்க, ஊருக்கு வந்ததும் கூப்பிடறேன்."

பீப்.

தோன்யா எர்லிந்தா போனை வாயருகே கொண்டுபோனார். பிறகு சொன்னார்:

"ருத்திலியோ... பீன்ஸ் ஆயிடுச்சு. வீட்டுக்கு வா."

வைத்துவிட்டார்.

அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். ஜெஃபா என் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்க் காரில் ஏறினார். ரயில் பாதைப் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.

"தோன் ருத்திலியோ," என்றேன் இறங்காமலே. "இன்னிக்கே ஒரு தடவை வாய்ஸ்மெயிலைத் திறந்துடுங்க."

அவர் என்னைப் பார்த்தார், ஜெஃபாவைப் பார்த்தார். கிரீஸ் கையைப் பேண்டில் துடைத்துவிட்டுப் பழைய போனை எடுத்து உயிர் கொடுத்தார். காதில் வைத்தார். ஒரு வாக்கியம்தான், ஆனால் அவர் அதை மூன்று தடவை கேட்டார். மெஷின் என்ன செய்வது என்று கேட்டிருக்க வேண்டும். பழக்கத்தில் கட்டைவிரல் ஏழின்மேல் போய் நின்றது.

ஒன்பதை அமுக்கினார்.

பிறகு, மத்தியானம் மூன்று மணிக்கு, பஞ்சர் ஒட்டாத டியூப்பைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு, கடையின் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்.